நல்ல நேரம் பார்த்துத் திறந்த ராம்ப்

அரசியலமைப்புக்கு யாராவது விழா எடுப்பார்களா?

எடுக்கிறார்கள். போன கிழமை நானே போய்விட்டு வந்தேன். அதுவும் எங்கே? பழைய சாமான்களைக் காட்சிக்கு வைக்கும் ஒரு நூதனசாலையில்!

விஷயத்தைச் சொன்னதும் என் வீட்டுக்காரர் பேப்பரில் இருந்து தலையைத் தூக்காமலே, "சரியான இடத்திலதான் வைக்கினம்" என்றார். மனிதர் எப்போதாவது ஒருமுறைதான் பகிடி விடுவார். அதையும் சிரிக்காமல் விடுவார்.

லீவுக்கு நம் நாட்டில் குறைவா? மாதாமாதம் பௌர்ணமிக்குப் போயா லீவு. அதற்கு மேல் எல்லாச் சமயத்துக்கும் பெருநாள். இவ்வளவுக்கும் நடுவே சட்டத்துக்கும் அரசியலமைப்புக்கும் ஒரு நாளை ஒதுக்கி, மேளம் அடித்துக் கொண்டாட வேண்டும் என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது. தோன்றட்டும். ஒரு அரசாங்கம் வந்து ஒரு திருத்தத்தைப் போடும், அடுத்தது வந்து அதைக் கழற்றும், அதற்கடுத்தது வந்து பழையதைத் தேடி எடுத்து மறுபடி மாட்டும்... என் சட்டையைக்கூட வெள்ளவத்தைத் தையற்காரர் இத்தனை தடவை பிரித்துத் தைத்ததில்லை. அப்படிப்பட்ட அரசியலமைப்புக்கு ஒரு நாளாவது மாலை மரியாதை கிடைத்தால் யாருக்கு நட்டம்?

எந்த நூதனசாலை என்று கேட்காதீர்கள். கொழும்பில் இருக்கிறது. வெள்ளைக்காரன் கட்டியது. பெரிய தூண்கள், அகலமான படிகள், மேலே கருங்கல் வாசல். அவ்வளவு தெரிந்தால் போதும்.

நான் போனது என் சிநேகிதி ராஜேஸ்வரிக்காக. எங்களுக்கு அடுத்த ஒழுங்கையில் இருக்கிறாள். வங்கியில் வேலை பார்த்தவள். ஒரு பஸ் விபத்துக்குப் பிறகு கால்கள் இரண்டும் உதவாமல் போய், வீல்செயாரில் இருக்கிறாள். கால்கள்தான் போயின. வாய் முன்னைவிட வேகமாக ஓடுகிறது.

வீல்செயாரில் இருப்பவர்களைக் கொழும்பில் எப்படி நடத்துவார்கள் என்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? தூக்குவார்கள். வேறு வழியே தெரியாது. படி இருக்கிறதா? தூக்கு. கல்யாண மண்டபமா? தூக்கு. வாக்குச் சாவடியா? நாலு பேரைக் கூப்பிடு, தூக்கு. ராஜேஸின் விபத்து வழக்குக்கே நீதிமன்றம் மேல்மாடியில் இருந்தது. கால் போனதற்கு நியாயம் கேட்க வந்தவளை இரண்டு பொலிஸ்காரரும் ஒரு பியூனும் கதிரையோடு தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினார்கள். பாதி வழியில் பியூனின் செருப்பு கழன்றது. அதைக் காலால் தேடி மாட்டிக்கொள்ளும்வரை ராஜேஸ் அந்தரத்தில் சாய்ந்தபடி இருந்தாள். சேலை முழங்காலுக்கு மேலே போய்விட்டது. கீழே இருந்த கூட்டம் முழுக்கப் பார்த்துக்கொண்டு நின்றது.

அன்றைக்கு அவள் எடுத்த முடிவு: இனி என்னை யாரும் தூக்கக் கூடாது. தூக்கித்தான் போக வேண்டிய இடமென்றால் நான் போகமாட்டேன். அப்படியே இருந்தும் காட்டினாள். தங்கச்சி மகளின் கல்யாணத்துக்குக்கூட மண்டபத்துக்குள் போகவில்லை. காரில் இருந்தபடி வாழ்த்திவிட்டு வந்தாள்.

இப்படிப்பட்டவளைத் தேடி ஜெரோம் வந்தான். கொட்டாஞ்சேனைப் பிள்ளை. எங்கட ஆள்தான். இந்த விழாவுக்கு அவன்தான் இணைப்பாளர். கழுத்தில் பட்டி, பட்டியில் அட்டை, காதில் எப்போதும் போன்.

"அன்ரி, சமத்துவம்தான் இந்த முறை எங்கட தீம். நூதனசாலைக்கு ராம்ப் கட்டியிருக்கிறம். உள்ளுக்கு வீல்செயார் போற டொய்லெட்டும் இருக்கு. நீங்கதான் முதல் ஆளா ஏறவேணும். நீங்கதான் பயனாளி."

ராஜேஸ் உடனே சந்தேகப்பட்டாள். "தூக்கமாட்டீங்களே?"

"என்ன அன்ரி இது! அதுக்குத்தானே ராம்ப்?"

அவன் போனபிறகு நான் ராஜேஸின் முகத்தைப் பார்த்தேன். சிரிக்கவில்லை. ஆனால் சிரித்த மாதிரி இருந்தது. "ஒரு பெரிய வாசலுக்குள்ள நானே உருட்டிக்கொண்டு போகப்போறன் எடியே" என்றாள். அவள் இவ்வளவு வெளிப்படையாக எதற்கும் ஆசைப்பட்டு நான் கேட்டதில்லை.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வெளியே போகும் நாளில் ராஜேஸ் தண்ணீர் குடிக்கமாட்டாள். முதல்நாள் இரவே நிறுத்திவிடுவாள். போகிற இடத்தில் டொய்லெட் இருக்காது, இருந்தாலும் அதற்கும் படி இருக்கும். இதெல்லாம் அவளுக்குப் பழகிப்போன கணக்கு. ஆனால் அன்றைக்குக் காலையில் நான் போனபோது பால் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது கோப்பை!

"என்னடி?" என்றேன்.

"அங்க டொய்லெட் இருக்காமே" என்றாள்.

ஒரு குடிமகள் தன் அரசின்மீது வைக்கக்கூடிய நம்பிக்கை இதற்கு மேலும் உண்டா?

வீல்செயாரோடு உருட்டி ஏறக்கூடிய வாடகை வான் ஒன்றில் போய் இறங்கினோம். வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. படிகளுக்குப் பக்கத்தில் ராம்ப், அதுதான் அந்தச் சாய்வுப் பாதை, புதுச் சிமெந்து மணத்தோடு இருந்தது. இரண்டு பக்கமும் பூச்சாடிகள். கீழே, தொடங்கும் இடத்தில், ஒரு கம்பத்தில் இருந்து மறு கம்பத்துக்குச் சிவப்பு ரிப்பன். நடுவில் பெரிய பூப்போல ஒரு முடிச்சு.

"வாங்கோ அன்ரி, வாங்கோ!" ஜெரோம் ஓடிவந்தான். "இதில இருங்கோ. சேர் இப்ப வந்திடுவார்."

சேர் என்றால் பிரமுகர். பெயர் வேண்டாம். இந்தப் பத்தி அச்சாகி வெளிவரும்போது அவர் எந்தக் கட்சியில் இருப்பார் என்று எனக்கே தெரியாது. அவர் வந்து ரிப்பனை வெட்டுவார். அதன்பிறகு ராஜேஸின் வீல்செயாரைத் தன் கையால் தள்ளிக்கொண்டு மேலே போவார். கமெராக்கள் எடுக்கும். இதுதான் திட்டம்.

கண்டி மேளக்காரர்கள் வரிசையில் நின்றார்கள். வெற்றிலை கொடுத்து வரவேற்கப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வெள்ளைச் சட்டையில் வியர்த்துக்கொண்டு நின்றார்கள். மற்ற விருந்தாளிகள் எல்லாரும் எங்களைத் தாண்டிப் படியால் ஏறி உள்ளே போனார்கள். ஏசி அறை, வெள்ளை உறை போட்ட கதிரைகள், குளிர்பானம். படிக்கு யாரும் ரிப்பன் கட்டவில்லை. கால் உள்ளவர்கள் எப்போது வேண்டுமானாலும் ஏறலாம்!

சேர் வரவில்லை. இப்ப வந்திடுவார் என்பது வெளிக்கிட்டுவிட்டார் என்று மாறியது. வெளிக்கிட்டுவிட்டார் என்பது டிராபிக்கில் நிற்கிறார் என்று மாறியது. அதற்குள் ஜெரோமின் முகத்தில் புதுக் கலவரம் ஒன்று. நெகத் நேரம் தவறிவிட்டதாம்.

நெகத் தெரியும்தானே? சாத்திரி குறித்துக் கொடுக்கும் நல்ல நேரம். அடிக்கல் நாட்ட, கடை திறக்க, பதவி ஏற்க, எல்லாவற்றுக்கும் சிங்கள ஆட்கள் நெகத் பார்ப்பார்கள். நாங்கள் மட்டும் என்ன, ராகு காலத்தில் வீட்டுப் படி தாண்டுவோமா? ஆனால் அரசியலமைப்பு நாளுக்கும் நெகத்தா? ஆளுக்கு ஆள் பாகுபாடு காட்டக் கூடாது என்று சொல்கிற புத்தகத்தைக் கொண்டாட, நேரத்துக்கு நேரம் பாகுபாடு பார்த்திருக்கிறார்கள்.

சாத்திரிக்குப் போன் போயிற்று. அவர் இன்னொரு நல்ல நேரத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தார். அது மத்தியானம்.

ராஜேஸ் என் கையைப் பிடித்தாள். இழுத்துக் குனியவைத்துக் காதுக்குள் சொன்னாள். "எனக்குப் போகவேணும்."

இரண்டு கோப்பை தேத்தண்ணி... எனக்கு விளங்கியது.

நான் ஜெரோமிடம் போனேன். பொம்பிளைகளின் விஷயத்தை ஒரு இளந்தாரியிடம் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. அந்த வயதெல்லாம் தாண்டியாயிற்று. "தம்பி, ராஜேஸ் டொய்லெட் போகவேணும். ரிப்பனை ஒரு பக்கம் அவிழ்த்துவிடுங்கோ. போனபிறகு கட்டிக்கொள்ளலாம்."

அவன் என்னைப் பார்த்த பார்வை! தேசியக் கொடியை மடித்து உட்காரக் கேட்டவளைப் பார்ப்பதுபோல.

"அன்ரி, திறக்க முதல் ஆக்கள் ஏறினா அபசகுனம். மேலிடத்தில என்னைக் கொன்றுபோடுவினம்."

"அப்ப டொய்லெட்டுக்கு வேற வழி?"

"இதுதான் வழி... பொறுங்கோ, நாலு பேரைக் கூப்பிடுறன். படியால தூக்கிக்கொண்டு போவினம். ஒரு நிமிஷ வேலை."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவனுடைய கழுத்துப் பட்டியைப் பிடித்து இழுத்திருப்பேன். கட்டிய ராம்ப் பக்கத்திலேயே இருக்கிறது. அதைத் தொடாமல் பக்கத்துப் படியால் தூக்கிக்கொண்டு போவானாம். போய் வந்தபிறகு மறுபடி தூக்கிக் கீழே இறக்குவானாம். பிறகு சேர் வந்து, இனி இவளைத் தூக்கத் தேவையில்லை என்று அறிவிப்பாராம்!

ராஜேஸ் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். "ஒருத்தரும் என்னில கை வைக்கக் கூடாது" என்றாள். வெயிலில் நெற்றி வியர்த்து, பவுடர் கரைந்து, உதட்டைக் கடித்தபடி இருந்தாள். பெரிய மனுசி. வங்கியில் அவள் கையெழுத்துக்காகக் காத்திருந்தவர்கள் எத்தனை பேர். இப்போது சிறுபிள்ளை மாதிரித் தொடைகளை இறுக்கிக்கொண்டு நடு முற்றத்தில் இருக்கிறாள். தூக்கவிடுவதா, சேலை நனைய இருப்பதா? சமத்துவ நாளில் அவளுக்குக் கிடைத்த தெரிவுகள் இவ்வளவுதான்.

"வீட்ட போவமா?" என்றேன்.

"வெள்ளவத்தை போய்ச் சேருமட்டும் தாங்காது."

ராம்புக்குப் பக்கத்தில் ஒரு பெண் காவலாளி நின்றுகொண்டிருந்தாள். லெட்சுமி என்று பெயர். ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் இருந்து வந்து தெமட்டகொடையில் அறை எடுத்து இருக்கிறாளாம். எங்களுக்கு அவள்தான் குடை பிடித்திருந்தாள். "என்னாங்கம்மா இது அநியாயம்" என்று முணுமுணுத்தாள். ஆனால் ரிப்பனைத் தொட அவளுக்கும் பயம். வேலை போய்விடும்.

ராஜேஸ் ரிப்பனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். மறுபடியும் ரிப்பனைப் பார்த்தாள்.

அப்போதுதான் எனக்கும் பட்டது. சேர் குனியாமல் வெட்ட வேண்டும் அல்லவா? அதற்காக அவருடைய நெஞ்சு உயரத்துக்குக் கட்டியிருந்தார்கள். வீல்செயாரில் வருகிறவருக்காகக் கட்டிய பாதையில், வீல்செயாரில் வருகிறவரை நினைத்து ரிப்பன் கட்ட ஒருவருக்கும் தோன்றவில்லை.

ராஜேஸ் தலையைக் குனிந்தாள். சக்கரங்களைப் பிடித்து ஒரு தள்ளு. முடிச்சு அவள் கொண்டையை உரசியது. அவ்வளவுதான், அந்தப் பக்கம் போய்விட்டாள்.

"அன்ரி! அன்ரி!"

"ரிப்பன் அப்பிடியே இருக்கு ஜெரோம்" என்றாள் திரும்பாமலே. "அவிழ்க்கேல்லை, வெட்டேல்லை. நல்ல நேரம் வந்தா உங்கட சேர் வெட்டட்டும்."

ராம்ப் நல்ல செங்குத்து. கட்டியவர் வாழ்நாளில் ஒருநாளும் சக்கரத்தில் இருந்ததில்லை என்பது இரண்டாவது தள்ளிலேயே தெரிந்தது. நான் மற்றப் பக்கத்தால் குனிந்து புகுந்து ஓடிப்போய்ப் பின்னால் கையை வைத்தேன். "கையை எடு" என்றாள். எடுத்தேன். மூச்சு வாங்க, தோள் நடுங்க, கொஞ்சம் கொஞ்சமாக அவளே ஏறினாள். மேலே போய் நின்றபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒப்புக்கொள்கிறேன்.

கலங்கிய கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தால்... வாசலில் கருங்கல் படி. அரைச் சாண் உயரம். ராம்ப் அதற்கு முன்னாலேயே முடிந்துவிட்டது.

பின்னால் ஓடிவந்த ஜெரோமைப் பார்த்தேன். அவன் நிலத்தைப் பார்த்தான். "அது பழைய கட்டடம் அன்ரி. அந்தக் கல்லில கை வைக்க ஏலாது. சட்டம்."

சட்டம்! நடக்க முடியாதவர்களுக்கு வழி செய்ய வேண்டும் என்று ஒரு சட்டம். பழைய கல்லைத் தொடக் கூடாது என்று ஒரு சட்டம். இரண்டுக்கும் நடுவில் ஒரு பொம்பிளை, முட்டிய வயிற்றோடு. இரண்டு சட்டத்தையும் ஒரே மேசையில் வைத்து வாசித்துப் பார்க்க இந்த நாட்டில் ஒரு உத்தியோகத்தரும் இல்லையா?

கல்லில் மோதி நின்ற சக்கரத்தை ராஜேஸ் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அழுதிருந்தால் தாங்கியிருப்பேன். அழவில்லை. வாசலுக்குள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "அந்தப் பலகையைக் கொண்டுவா" என்றாள்.

உள்ளே சுவரோரம் ஒரு ஒட்டுப்பலகை சாத்தியிருந்தது. சேர் திரை விலக்கித் திறந்துவைக்கவேண்டிய பலகை. இன்னும் மாட்டவில்லை. சட்டத்தின் முன்னால் எல்லாரும் சமம் என்று மூன்று மொழியிலும் பொன்னிறத்தில் எழுதியிருந்தது. ஜெரோம் அதைத் தொடப்போவதில்லை. என்னோடு சேர்ந்து தூக்க வேறு ஆளில்லை. ஆளில்லையா? திரும்பினால் லெட்சுமி நிற்கிறாள். எப்போது ஏறி வந்தாளோ!

"நீங்க அந்தப் பக்கம் புடிங்கம்மா" என்றாள்.

இரண்டு பேரும் தூக்கிவந்து கல்லுக்கு மேலே சாய்த்துப் போட்டோம். எழுத்து மேலே இருந்ததா கீழே இருந்ததா என்று பார்க்கிற நிலையில் யார் இருந்தோம்? ராஜேஸ் ஒரே தள்ளில் ஏறி உள்ளே போனாள். பலகை கிறீச்சிட்டது, உடையவில்லை. அந்த வசனம் ஒரு ஆளின் பாரத்தைத் தாங்கி என் வாழ்க்கையில் நான் பார்த்தது அன்றுதான்.

டொய்லெட் நல்ல டொய்லெட். அதைச் சொல்லாமல் விட்டால் பாவம்.

நாங்கள் டொய்லெட்டில் இருந்து வாசலுக்குத் திரும்பியபோது மேளம் முழங்கியது. சேர் வந்துவிட்டார். பலகையைக் காணோம். அதற்குள் சுவரில் மாட்டித் திரையும் போட்டுவிட்டார்கள். ஜெரோம் வாசலில் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அன்ரி, பிளீஸ், கெதியா கீழ வாங்கோ. சேர் வெட்டப்போறார். நீங்க திருப்பி ஒருக்கா ஏறவேணும்."

"பலகை?" என்றேன்.

"ரெண்டு பேர் பிடிச்சு இந்தக் கல்லில மட்டும் உங்களைத் தூக்கிக் கடத்திவிடுவினம்."

"நான் ஏறிட்டன் ஜெரோம்" என்றாள் ராஜேஸ். "இனி அவரை ஏறச் சொல்லுங்கோ."

அவன் கெஞ்சினான். அவள் அசையவில்லை. பயனாளி இல்லாமல் விழாவா? அந்த அவசரத்தில் அவர்கள் செய்ததைக் கேளுங்கள். நூதனசாலைக்கு யாரோ அன்பளிப்புச் செய்த புது வீல்செயார் ஒன்று, பொலித்தீன் உறைகூடக் கழற்றாமல், மூலையில் கிடந்தது. அதைக் கீழே கொண்டுபோனார்கள். ஒரு கிளார்க்கைப் பிடித்து அதில் இருத்தினார்கள். நல்ல திடகாத்திரமான மனிதர். மடியில் ஒரு சால்வை!

நல்ல நேரம் பிறந்தது. ரிப்பன் வெட்டுப்பட்டது. கைதட்டல். சேர் வீல்செயாரைத் தள்ளத் தொடங்கினார். கிளார்க் சோகமான முகத்தோடு நேரே பார்த்தபடி இருந்தார். கமெராக்காரர்கள் பின்பக்கமாக நடந்து நடந்து எடுத்தார்கள். சேருக்குச் செங்குத்தில் மூச்சு வாங்கியது. எப்படியோ மேலே வந்துவிட்டார்.

வந்து, கல்லில் முட்டினார்.

ஒருமுறை தள்ளினார். இரண்டாம் முறை தள்ளினார். சேரின் நெற்றியில் வியர்வை. கிளார்க் திரும்பி அந்த வியர்வையைப் பார்த்தார். பாவம், எத்தனை வருஷ உத்தியோகம்! பெரியவர் கஷ்டப்படும்போது சின்னவர் இருந்துகொண்டிருக்கலாமா? அது அவருக்கு இரத்தத்தில் ஊறியது. "சொறி சேர்" என்று எழுந்தார். சால்வையைத் தோளில் போட்டார். வீல்செயாரை ஒரு கையால் தூக்கிக் கல்லுக்கு இந்தப் பக்கம் வைத்தார். பிறகு மரியாதையாக மறுபடி அதில் இருந்துகொண்டார்.

மேளக்காரர்கள்கூட ஒரு கணம் அடிக்க மறந்தார்கள்.

"எடியே" என்றாள் ராஜேஸ், எல்லாருக்கும் கேட்கும்படியாக, "இந்த ராம்பில ஏறினா நடக்க ஏலாத ஆக்களும் நடப்பினம் போல."

அடுத்த நாள் பேப்பரில் படம் வந்தது. கிளார்க் எழும்பிய படம் இல்லை, இருந்த படம். பயனாளி என்று கீழே எழுதியிருந்தார்கள். நம் பத்திரிகைகள் எதையும் விட்டுக்கொடுக்கமாட்டா.

உள்ளே விளக்கேற்றினார்கள். திரை விலக்கினார்கள். பொன்னிற எழுத்துகளுக்குக் குறுக்கே, மூன்று மொழிக்கும் பேதமில்லாமல், இரண்டு சக்கரத் தடங்கள் கறுப்பாக ஓடின. சேர் உற்றுப் பார்த்தார். டிசைனா என்று சிங்களத்தில் கேட்டார். "ஓவ் சேர்" என்று தலையாட்டினான் ஜெரோம். நல்லா இருக்கு என்றார் சேர். அவருக்குப் பின்னால் நின்ற எல்லாருக்கும் உடனே நன்றாக இருந்தது.

பேச்சு நடந்தது. யாரையும் கைவிடமாட்டோம் என்ற பேச்சு. சோர்ட் ஈட்ஸ் வந்தது. ராஜேஸ் ஒரு பட்டிஸ் சாப்பிட்டாள். தேத்தண்ணி வேண்டாம் என்றுவிட்டாள். காலையில் இரண்டு கோப்பை குடித்தவள்.

"வா, போவம்" என்றாள்.

வாசலுக்கு வந்தோம். கல். பலகை சுவரில். நான் ஜெரோமைக் கூப்பிட்டேன்.

"அதைக் கழற்ற ஏலாது அன்ரி! இப்பதான் சேர் திறந்துவைச்சவர். அவர் நிக்கேக்குள்ள கழற்றினா அவமரியாதை."

"வேற வாசல்?"

"சேர் நிக்கிறபடியா பாதுகாப்புக்காகப் பூட்டியிருக்கு." தயங்கினான். "ஒரே ஒருக்கா, அன்ரி. சின்னக் கல்லுத்தானே. ரெண்டு பேர் பிடிச்சா..."

ராஜேஸ் வீல்செயாரைத் திருப்பினாள். வாசலுக்கு நேர் நடுவில், குறுக்காக நிறுத்தினாள். குனிந்து இரண்டு பிரேக்கையும் போட்டாள். கைப்பையை மடியில் வைத்து, அதன்மேல் கைகளைக் கட்டிக்கொண்டாள்.

"சரி. நான் பொறுத்திருக்கிறன்" என்றாள். "காலமையும் பொறுத்திருந்தனான்தானே."

அந்த நேரம் பார்த்து உள்ளே கதிரைகள் அசைந்தன. சேர் எழும்பிவிட்டார். அவருக்குக் களனியில் இன்னொரு கட்டடம் திறக்க இருந்ததாம். அங்கேயும் ஒரு ரிப்பன், அங்கேயும் ஒரு நெகத். முன்னால் காவலர்கள், பின்னால் செயலாளர்கள், பெரிய கூட்டமாக வாசலை நோக்கி வந்து, வந்த வேகத்தில் அப்படியே நின்றது. வாசலில் ராஜேஸ் இருந்தாள்.

காவலர் ஒருவர் வீல்செயாரின் கைப்பிடியைப் பிடிக்கப் போனார். ராஜேஸ் அவரை நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை கமெராக்கள் நிற்கும்போது, சமத்துவ நாளில், பிரமுகரின் கண்ணுக்கு முன்னால் ஒரு வீல்செயார்ப் பொம்பிளையை இழுத்துத் தள்ளுவதா? அவர் கையை எடுத்துக்கொண்டார்.

"என்ன பிரச்சினை?" என்று சேர் கேட்டார். ராஜேஸ் சிங்களத்தில், மிக மரியாதையாக, சுவரைக் காட்டினாள். எனக்கு வெளியே போக அது வேண்டும், சேர்.

சேர் பலகையைப் பார்க்கவில்லை. ராஜேஸையும் பார்க்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஓக கலவன்ட!" என்றார். அதைக் கழற்று.

எத்தனை கை வந்தது தெரியுமா! ஒருவர் கதிரையில் ஏறினார், ஒருவர் ஆணியைப் பிடுங்கினார், ஜெரோமே பலகைக்குப் போட்டிருந்த மாலையைப் பிய்த்து எறிந்தான். கண் மூடித் திறப்பதற்குள் பலகை கல்லின்மேல் வந்து கிடந்தது. ராஜேஸ் பிரேக்கை எடுத்தாள். அவசரமே படவில்லை. பலகையில் ஏறி, இறங்கி, ராம்பில் தன் கையாலேயே பிடித்துப் பிடித்து மெல்ல உருண்டாள். அவள் பின்னால் பிரமுகரும் பரிவாரமும் அடிமேல் அடி வைத்து வந்தார்கள். முந்த இடமில்லை. ராம்ப் அவ்வளவு ஒடுக்கம். பக்கத்தில் படி இருப்பது அந்தப் பதற்றத்தில் ஒருவருக்கும் நினைவு வரவில்லை.

வானுக்குள் ஏறியதும் ராஜேஸ் கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டாள். "ஒருத்தரும் தூக்கேல்லை என்ன?" என்றாள்.

"ஒருத்தரும் தூக்கேல்லை" என்றேன்.

உரிமை கேட்கப் போகிறவர்களுக்கு என் சிறு ஆலோசனை: வாசலுக்கு வெளியே காத்திருக்காதீர்கள், உள்ளே போய் வாசலுக்குக் குறுக்கே இருங்கள். பிரேக் போட மறக்கவேண்டாம்.